ஃபிளையானோ விருது: சினிமாவுக்கா, இலக்கியத்துக்கா?

கையேட்டுக்காரன்:
எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த வாரம் ஓர் இத்தாலியப் படம் போடுகிறோம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நடிகையைப் பற்றித் தேடியபோது 'ஃபிளையானோ விருது பெற்றவர்' என்று இருந்தது. சரி, சினிமா விருதுதான் என்று எழுதிவிட்டேன். நேற்று பார்த்தால் ஒரு நாவலின் பின்னட்டையில் அதே பெயர். நாடகக்காரர், தொலைக்காட்சிக்காரர், வானொலிக்காரர் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். இது என்ன விருது? ஒரு வரியில் சொல்லுங்களேன்.

நிழற்படம்:
பெஸ்காரா என்ற ஊரில் 1974-லிருந்து ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். இலக்கியம், சினிமா, நாடகம், தொலைக்காட்சி, வானொலி எல்லாம் உண்டு. தங்கப் பெகாசஸ், அதாவது சிறகு வைத்த குதிரை, அதுதான் பரிசு. ஒரு வரி போதுமா?

பெஸ்காரா ரிட்டர்ன்:
விருதுக்குப் பெயர் கொடுத்த எழுத்தாளர் ஃபிளையானோ ஒரு வரியில் முடிகிற ஆள் இல்லை சார். நான் அந்த ஊரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். எனவே கொஞ்சம் நீளும்.

என்னியோ ஃபிளையானோ 1910-ல் பெஸ்காராவில் பிறந்தார், 1972-ல் ரோமில் இறந்தார். ஒரே ஒரு நாவல்தான் எழுதினார். முசோலினியின் எத்தியோப்பியப் படையெடுப்பில் அதிகாரியாகப் போய் வந்த அனுபவத்திலிருந்து வந்தது அது. 1947-ல் ஸ்த்ரேகா என்ற இத்தாலிய இலக்கியப் பரிசை முதன்முதலாகக் கொடுத்தபோது அதற்குத்தான் கொடுத்தார்கள். அப்புறம் சினிமா. இயக்குநர் ஃபெலினியின் 'லா ஸ்த்ராதா', 'லா தோல்சே வீத்தா', 'எட்டரை' எல்லாவற்றிலும் திரைக்கதையில் இவர் கை இருக்கிறது. மூன்று முறை ஆஸ்கர் பரிந்துரை வரை போனார், கிடைக்கவில்லை. நடுவில் பத்திரிகை வேலை, விமர்சனம், நாடகம். கடைசிக் காலத்தில் இத்தாலியத் தொலைக்காட்சிக்காகக் கனடா பற்றி ஒரு பயணத் தொடர்கூடச் செய்தார். இப்படி ஒருவர் பெயரில் விருது வைத்தால் எந்தத் துறையை விடுவது?

விழாவுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். கடற்கரை ஓரத்துத் திறந்தவெளி அரங்கம். கோடைக்காலம், இருட்டிய பிறகும் இருக்கை சூடாகவே இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி வீட்டிலிருந்து குஷன் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தந்தார். வெளியே வந்தால் அரொஸ்திச்சீனி வாசனை. ஆட்டுக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் குச்சியில் கோத்துச் சுடுவார்கள். பத்துப் பத்தாகத்தான் தட்டில் வரும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அரங்கத்துக்கு வைத்திருப்பது கவிஞர் தன்னுன்ஸியோவின் பெயர். அவரும் பெஸ்காராக்காரர், ஃபிளையானோ பிறந்த அதே தெருவில் பிறந்தவர். ஆனால் அவருடைய எழுத்து வாணவேடிக்கை, இவருடையது ஊசி. ஊசியின் பெயரில் நடக்கும் விழா வாணவேடிக்கையின் வீட்டில்!

நிழற்படம்:
பிரபலங்களைத் துரத்திப் படமெடுப்பவர்களைச் சொல்கிறார்களே, 'பாப்பராசி', அந்தச் சொல் ஃபிளையானோ கொடுத்ததுதானே?

பெஸ்காரா ரிட்டர்ன்:
ஆமாம், 'லா தோல்சே வீத்தா' படத்துப் புகைப்படக்காரரின் பெயர் பாப்பராசோ. ஜார்ஜ் கிஸ்ஸிங் என்ற ஆங்கிலேயர் தென் இத்தாலியில் சுற்றி எழுதிய பயண நூலில் ஓர் ஓட்டல் முதலாளியின் பெயர் அது. அங்கிருந்து எடுத்ததாக ஃபிளையானோவே குறித்து வைத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது வேறொரு சொல். ஃபெலினிக்காக இவரும் சேர்ந்து எழுதிய 'ஈ வித்தெல்லோனி' படம் பார்த்திருப்பீர்கள். வேலைவெட்டி இல்லாமல் கடற்கரையில் சுற்றும் இளவட்டங்கள். வித்தெல்லோனி என்றால் வளர்ந்த கன்றுகள் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் பெஸ்காரா வட்டார வழக்கில் பெருங்குடல்காரன், அதாவது வீட்டில் உட்கார்ந்து தின்ன மட்டும் தெரிந்த பிள்ளை, என்பதற்கு இருந்த சொல்தான் திரிந்து அப்படி ஆனது என்று 1971-ல் ஒரு கடிதத்தில் விளக்கினார் ஃபிளையானோ. நம் தண்டச்சோறு! இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்குமா?

கையேட்டுக்காரன்:
அருமை. ஏதாவது படித்துப் பார்க்கலாம் என்றால் எதில் தொடங்குவது?

பெஸ்காரா ரிட்டர்ன்:
ரோமுக்கு வரும் செவ்வாய்க்கிரகவாசியின் கதை. பூங்காவில் விண்கலம் இறங்குகிறது, ஊரே திரண்டு ஓடுகிறது, விருந்து வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் அலுத்துவிடுகிறது. கடைசியில் தெருவில் ஒருவன் 'ஏய் செவ்வாய்!' என்று கூப்பிடுகிறான். ஆசையாகத் திரும்பிப் பார்த்தால் வாயாலேயே ஓர் அசிங்கமான சத்தம். இதை நாடகமாக்கி 1960-ல் மிலானில் போட்டபோது படுதோல்வி. தோல்வி எனக்குத் தலைக்கேறிவிட்டது என்றாராம் மனிதர்.

கையேட்டுக்காரன்:
நடிகைக்கு இரண்டு வரி, ஃபிளையானோவுக்கு முக்கால் பக்கம் ஆகிவிட்டது. படத்தின் கதையை இனி பின்பக்கம்தான் அச்சடிக்கணும். செயலாளர் கத்தப்போகிறார்.