பி.ரி.ஏ.யில் ஆளைக் கொண்டுபோனால்: கைதுச் சீட்டிலிருந்து குற்றப்பத்திரம் வரை

சுன்னாகத்தான்:

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் (பி.ரி.ஏ.) ஒருவரைக் கொண்டுபோனால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேணும் என்று ஊருக்கு ஊர் ஒவ்வொரு கதை ஓடுகிறது. விசயம் தெரிந்தவர்கள் தெரிந்ததை இதிலே எழுதுங்கோ. முதல் நாளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

வாசலில் நிற்கிறவரிடம் பெயர், தரம், பிரிவு மூன்றையும் கேளுங்கோ. 6 ஆம் பிரிவின்படி பிடியாணை இல்லாமல் பிடிக்கிறதென்றால் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் வரவேணும், இல்லாவிட்டால் அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பரிசோதகராவது இருக்கவேணும். அடுத்தது கைதுச் சீட்டு. 2006 இல் ஜனாதிபதி பணிப்புரையாக வந்து 2016 இல் திரும்பவும் வெளியிடப்பட்ட விசயம் இது. கைதுசெய்தவரின் விபரம், இடம், திகதி, காரணம், எங்கே கொண்டுபோகிறார்கள் எல்லாம் சீட்டில் வேணும். எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேணும். பி.ரி.ஏ.யில் 72 மணித்தியாலம். அந்த மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்கியது என்று காட்ட வீட்டுக்காரர் கையில் இருக்கும் ஒரே தாள் இந்தச் சீட்டுத்தான். பின்னேரம் 4 மணிக்கு வீட்டில் பிடித்தவரை அடுத்தநாள் காலை 9 மணிக்கு எங்கோ ஒரு சந்தியில் பிடித்ததாக அறிக்கையில் எழுதினால் 17 மணித்தியாலம் கணக்கில் இல்லாமல் போய்விடும். அடி விழுகிறதென்றால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சீட்டுத் தர மறுத்தால் சண்டை பிடிக்கவேண்டாம். வாகன இலக்கம், சீருடையா சிவிலா, வந்தவர்கள் எத்தனை பேர், என்ன மொழியில் கதைத்தார்கள் என்பதை அப்பவே ஒரு கொப்பியில் எழுதுங்கோ. சொந்தக்காரருக்கு உடனே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கோ, அதில் விழும் நேரம் பிறகு சாட்சி. பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே பிரதி கேளுங்கோ, சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும். கண்டவர்களிடம் ஒரு கிழமைக்குள் சத்தியக் கடதாசி எடுத்து வைச்சிருங்கோ. பிறகு உங்கள் பகுதிப் பொலிஸுக்குப் போய் ஒரு என்றி (முறைப்பாட்டுப் பதிவு) போடவேணும். "எங்களுக்குத் தெரியாது, அது ரி.ஐ.டி." (பயங்கரவாத விசாரணைப் பிரிவு) என்று சொன்னாலும் விடாதீங்கோ, என்றி இலக்கத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பவேணும்.

நீதிமன்ற வீதி:

சுன்னாகத்தான் அண்ணை எழுதினதோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் சேருங்கோ. 1996 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 28 ஆம் பிரிவின்படி பி.ரி.ஏ.யில் பிடித்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேணும். அவர்கள் அறிவிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு இருக்காதீங்கோ. 1996 என்ற இலக்கத்துக்கே அழைக்கலாம், யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கு நேரே போகலாம். ஆணைக்குழுவுக்கு எந்தத் தடுப்பிடத்துக்கும் போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு. முறைப்பாட்டு இலக்கமும் திகதி முத்திரை குத்திய பிரதியும் கையில் இருக்கவேணும்.

இதில் பல குடும்பங்கள் இழப்பது காலத்தை. அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையில் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதமும் பெரும்பாலும் "ஆளைத் தெரியும், கதைச்சு எடுத்துத் தாறன்" என்று காசு வாங்குகிறவர்களின் பின்னால் அலைந்தே முடிந்துபோகும். ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டை மட்டும் காட்டினால் நீதிமன்றம் ஏற்காத வழக்குகள் பல. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டவேணும். ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு சேர்த்து வைச்சிருக்கச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று. தகப்பனோ மனைவியோ தங்கள் பெயரில் அந்த மனுவைப் போடமுடியாது. பாதிக்கப்பட்டவர் தானே போடவேணும், இல்லையென்றால் அவர் சார்பில் சட்டத்தரணி. ஆகவே சட்டத்தரணியைப் பிடிப்பது முதல் கிழமை வேலை. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆளே எங்கே என்று தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு வேறு வழி; அதை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

பருத்தித்துறை வாணி:

வாக்குமூலத்தைப் பற்றி எழுதாமல் இந்தச் சட்டத்தைப் பற்றி எழுத முடியாது. சாதாரண வழக்கில் பொலிஸுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியாகாது. பி.ரி.ஏ. 16 ஆம் பிரிவில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேலானவருக்கோ கொடுத்தது சாட்சியாகும். வற்புறுத்தி எடுத்தது என்று நிரூபிக்கும் பாரமும் சந்தேகநபரின் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததை உள்ளே இருந்தவரே நிரூபிக்கவேணும் என்றால் எப்படி நிரூபிப்பது? 2022 திருத்தத்திலும் இந்தப் பிரிவைத் தொடவில்லை.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை எல்லாரும் ஒருக்கால் வாசிக்கவேணும். 1993 இல் கைது. சிங்களம் தெரியாதவர். ஒரு பொலிஸ் கொன்ஸ்டபிளே தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றி, அவரே தட்டச்சும் செய்த ஒப்புதலில் பெருவிரல் அடையாளம். சாட்சி அதுதான். 1995 இல் 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. முதுகில் தழும்பும் இடது கண்ணில் காயமும் இருந்ததை மருத்துவ அறிக்கை சொன்னது. "அப்படியென்றால் ஏன் நீதவானிடம் அப்பவே சொல்லவில்லை?" என்பதுதான் நீதிமன்றம் பிடித்துக்கொண்ட புள்ளிகளில் ஒன்று. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் அவர் பக்கம் முடிவு சொன்னது. 2006 இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

இதிலிருந்து எடுக்கவேண்டியது நடைமுறைப் பாடம். முதன்முதல் நீதவான் முன் நிறுத்தும்போது உடம்பில் நோ இருந்தால் அந்த நிமிசமே வாயால் சொல்லவேணும். சட்டத்தரணி அதை வழக்கேட்டில் பதியச் செய்யவேணும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேட்கவேணும். பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்க "உனக்கு ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் ஆள் "இல்லை" என்றுதான் சொல்லும், ஆனபடியால் தனியே பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது அவசியம். கண்டலும் வீக்கமும் ஒரு கிழமை, பத்து நாளில் மாறிவிடும். பிந்திப் போனால் வைத்தியர் எழுத ஒன்றும் இராது. 1994 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்கச் சட்டத்தில் சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடச் சிறை. அந்தச் சட்டம் வேலை செய்வதும் இந்த அறிக்கையை நம்பித்தான்.

கையொப்பம்: விளங்காத மொழியில் எழுதியதில் வைக்கவேண்டாம். வைக்காமல் தப்பமுடியாத நிலை என்றால், கையொப்பத்துக்கு மேலே தமிழில் தன் கையாலேயே "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதி வைக்கவேணும். அந்த ஒரு வரி பத்து வருடத்துக்குப் பிறகும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

நீதிமன்ற வீதி:

வாணி அக்கா சொன்னது முழுக்கச் சரி. அடுத்தது தடுப்புக் கட்டளை. இங்கேதான் பலருக்குக் குழப்பம்.

72 மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு வழி உண்டு. ஒன்று, 9 ஆம் பிரிவில் பாதுகாப்பு அமைச்சர் ஒப்பமிடும் தடுப்புக் கட்டளை. ஒருமுறைக்கு 3 மாதம். முன்பு மொத்தம் 18 மாதம் வரை நீட்டலாம். 2022 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். மற்றது, 7 ஆம் பிரிவில் நீதவான் விளக்கமறியலில் வைப்பது. நீதவானுக்கு இதில் கை கட்டியிருக்கிறது. சட்டமா அதிபர் சம்மதிக்காமல் பிணை கொடுக்க முடியாது, வழக்கு முடியும்வரை மறியல். தடுப்புக் கட்டளைக்கு முடிவுத் திகதி ஒன்றாவது உண்டு. மறியலுக்கு அதுவும் இல்லை. 14 நாளுக்கு ஒருக்கால் கொண்டுவருவார்கள், "மேலதிக விசாரணை நடக்கிறது" என்பார்கள், அடுத்த தவணை போடுவார்கள். கோவை ரி.ஐ.டி.க்கும் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருக்கும். சட்டமா அதிபர் இத்தனை மாதத்துக்குள் குற்றப்பத்திரம் போடவேணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வருடங்கள் போவது இந்த இடத்தில்தான்.

2022 திருத்தத்தில் பிடித்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. கட்டளையின் பிரதி 48 மணித்தியாலத்துக்குள் நீதவானுக்குப் போகவேணும். நீதவான் மாதம் ஒருமுறையாவது தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்கவேணும். சட்டத்தரணி சந்திக்கவும் உறவினர் தொடர்புகொள்ளவும் உரிமை எழுத்தில் வந்துவிட்டது. கட்டளையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்ற பழைய 10 ஆம் பிரிவு போய்விட்டது. 12 மாதம் கடந்தும் வழக்கு விளங்கத் தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். ஆனால் இவை தானாக நடக்காது. நீதவான் வந்து பார்த்தாரா என்று சட்டத்தரணி எழுத்தில் கேட்கவேணும். 12 மாதம் நிறையும் திகதியை முதல் நாளே கலண்டரில் குறித்து, பத்தாம் மாதத்திலேயே மனுவை ஆயத்தப்படுத்தவேணும்.

சட்டமா அதிபருக்கு எழுதும் கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைக் கடிதப் பிரதியோடு பின் பண்ணி வைச்சிருங்கோ. பிணை மனுவில் "இத்தனை முறை கேட்டோம், பதில் வரவில்லை" என்று காட்ட அதுதான் உதவும்.

சுன்னாகத்தான்:

தூரத்தையும் எழுதவேணும். பூசா தடுப்பு முகாமில் வைத்திருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ், கொழும்பில் மாறி, பிறகு காலிப் பக்கம். அங்கே போய்ச் சேர்ந்தபிறகு "இன்றைக்கு விசாரணை, பார்க்கேலாது" என்று திருப்பி அனுப்பினால் அந்த மாதக் காசு முழுக்கப் போச்சு. போகமுதல் சட்டத்தரணி மூலம் நாளை உறுதிப்படுத்துங்கோ. அடையாள அட்டையோடு உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகப் பதிவின் பிரதியும் கிராம சேவையாளர் கடிதமும் இருக்கட்டும். வழக்கை இடம் மாற்றுவது இன்னொரு வில்லங்கம். 2017 இல் வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து மூன்று பேரின் வழக்கை அனுராதபுரத்துக்கு மாற்றியபோது அவர்கள் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். மொழி மாறினால் மொழிபெயர்ப்பாளரை நம்பியே வழக்குப் போகும்.

கிழக்கு வெளிச்சம்:

எல்லாம் சரி. ஆனால் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பை மறந்து கதைக்க முடியாது. 250 பேருக்கு மேல் ஒரே நாளில் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர் பிள்ளைகள். குண்டு வெடிக்கமுதல் பிடிக்க அரசாங்கத்துக்கு ஒரு விசேட அதிகாரமும் வேண்டாம் என்று சொல்கிறீர்களா?

பருத்தித்துறை வாணி:

வேண்டாம் என்று ஆரும் சொல்லவில்லை, தம்பி. ஆனால் அந்த நாளில் எது இல்லாமல் போனது என்று பாருங்கோ. பி.ரி.ஏ. அப்போது 40 வருடமாகக் கையில் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்திலேயே வெளிநாட்டு உளவுத் தகவல் வந்துவிட்டது. தகவலை வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்டவேணும் என்றது. அங்கே குறைவாயிருந்தது தடுத்துவைக்கும் அதிகாரம் இல்லை.

குண்டுக்குப் பிறகு அந்த அதிகாரம் யார்மேல் விழுந்தது? அஹ்னாப் ஜசீம் என்ற ஆசிரியர், தமிழில் கவிதை எழுதியவர். 2020 மே மாதம் கைது, 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. அந்தக் கவிதைகளைத் தமிழ் தெரிந்த நாலு பேரிடம் கொடுத்து ஒழுங்காக வாசிப்பித்திருந்தால் முதல் மாதமே முடிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் 2021 ஏப்ரலில் மாநகர முதல்வர் மணிவண்ணனையே பிடித்தார்கள். மாநகரக் காவலாளர்களின் உடுப்பு நிறம் புலிகளின் பொலிஸ் உடுப்பைப் போல இருந்தது என்பதுதான் காரணம். ஆள் வைத்திருக்க ஒரு வருடம் கிடைக்கும் என்றால் பொலிஸ் முதல் கிழமையில் சாட்சி தேடாது. வாக்குமூலம் வரும்வரை வைத்திருக்கும். உண்மையான குற்றவாளி அந்த ஒரு வருடமும் வெளியில் திரிவான். உங்கள் சீயோன் பிள்ளைகளுக்கு இது நீதியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

ஈஸ்ற்ஹாம் குமார்:

இங்கே இங்கிலாந்திலும் 1974 இல் இதே பெயரில் சட்டம் வந்தது, ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் ஆயுத இயக்கம்) குண்டுகளுக்குப் பிறகு. பொலிஸ் 48 மணித்தியாலம், உள்துறை அமைச்சர் நீட்டினால் இன்னும் 5 நாள், அவ்வளவுதான். அதையே 1988 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூடுதல் என்றது. அந்த வழக்கில் நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருந்த மிகக் குறைந்த காலம் 4 நாளும் 6 மணித்தியாலமும். 2006 இல் 28 நாளாக்கினார்கள், 2011 இலிருந்து 14 நாள், அதுவும் நீதிபதியின் அனுமதியோடு. இங்கேயும் பிழை விட்டார்கள். 2001 க்குப் பிறகு வெளிநாட்டவரைக் குற்றச்சாட்டே இல்லாமல் பெல்மார்ஷ் சிறையில் காலவரையின்றி வைத்தார்கள். 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 9 பேரில் 8 பேர் அதைப் பிழை என்றார்கள். குண்டு வெடித்த நாட்டிலும் நாள் எண்ணித்தான் ஆளை வைத்திருக்க முடிகிறது.

நீதிமன்ற வீதி:

நல்ல விபரம், குமார். முடிந்தபிறகு செய்யவேண்டியதையும் எழுதிவிடுகிறேன், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிணையோ விடுதலையோ கிடைத்தால் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி குறைந்தது மூன்று எடுங்கோ. ஒன்று வீட்டில், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று ஆளின் கையில். பறித்த தொலைபேசி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் வழக்கு இலக்கத்தோடு எழுத்தில் விண்ணப்பிக்கவேணும், வாயால் கேட்டால் கிடைக்காது. பயணத் தடை போட்டிருந்தால் வழக்கு முடிந்தவுடன் அது தானாக நீங்காது. நீக்கும் கட்டளையை நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்டு, அது குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவேணும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்துத்தான் தடை இன்னும் இருக்கிறது என்று பலருக்குத் தெரியவருகிறது. பிறகு ஆராவது வீட்டுக்கு வந்து "சும்மா விசாரிக்க வந்தனாங்கள்" என்றால் சுன்னாகத்தான் அண்ணை சொன்ன அதே கொப்பியில் திகதி, நேரம், பெயர் எழுதுங்கோ. நாலாம் மாடிக்கோ (கொழும்பில் பொலிஸ் விசாரணை நடக்கும் இடம்) வேறெங்கேயோ வரச்சொன்னால் அழைப்பைத் தமிழில், எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கோ. போகும்போது சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போங்கோ.