மறு: மாலடாப்டேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மாலடாப்டேஷன் (maladaptation) என்றால், வறட்சி, வெள்ளம் போன்றவற்றைச் சமாளிக்கச் செய்த தகவமைப்பே பிறகு யாருக்கோ கேடாக முடிவது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, நல்லதுதான். நீர் மேலாண்மை பற்றிய சமூக அறிவியல் ஆய்வுகளைத் தமிழில் தரும் வேலையில் இருக்கிறேன். இந்தச் சொல் முடிவாகாமல் எனக்கு ஒரு பக்கம்கூட நகராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> "தவறான தகவமைப்பு" என்பதே போதும். படிப்பவருக்கு உடனே புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தவறு என்றதும் கணக்கு பிசகித் திட்டம் தோற்றுப்போனது என்றுதான் மனம் போகும். தோற்ற முயற்சிக்கு நம் ஊரிலேயே பேச்சு இருக்கிறது: "போர் ஃபெயிலாயிடுச்சு." எண்ணூறு அடி ஓட்டியும் வெறும் புழுதிதான் வந்தது, ரிக் வண்டிக்குக் கொடுத்த பணம் போனது, கடன் நின்றது. நாம் பேசும் விஷயத்தில் போர் ஃபெயிலாவதில்லை. தண்ணீர் வருகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கோவை, திருப்பூர் பக்கப் பாறை நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை வெடிப்புகளில் தேங்கும் கொஞ்ச நீர்தான் அங்கே நிலத்தடிச் சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் ஒருவர் ஆயிரம் அடிக்கு இறக்கிக் கம்ப்ரஸர் மாட்டுகிறார். அவர் தென்னை தப்பிக்கிறது. பக்கத்துக் காட்டில் அறுபதடித் திறந்த கிணறு வற்றுகிறது. அந்தக் கிணற்றுக்காரரிடம் பணம் இருந்தால் அவரும் போர் போடுவார். இல்லையென்றால் மாடு வளர்ப்பார், அல்லது பனியன் கம்பெனிக்குப் போவார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொருளியலாளர் ஜனகராஜன் இதைத்தான் போட்டி போட்டு ஆழப்படுத்துதல் என்று எழுதினார். போர் போட்டவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் அளவில் அது சரியான முடிவு. கேடு அடுத்த காட்டுக்கும் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கிறது. "தவறான" என்ற அடைமொழி இந்த நகர்வைக் காட்டவே காட்டாது.

> "பிழைத்தகவமைப்பு" சுருக்கமாக இருக்கிறதே?

மேலே சொன்ன தடை இதற்கும் உண்டு. கூடவே இன்னொன்று: பிழை என்றால் குற்றம், பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். பிழைக்க வழி தேடியவரின் செயலுக்கு இந்தச் சொல்லை வைத்தால், படிப்பவர் எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. "கேட்டுத் தகவமைப்பு" என்ற பரிந்துரையில் கேடு மறைந்து, யாரையோ கேட்டுவிட்டுச் செய்த தகவமைப்பாக ஒலிக்கிறது. "தகாத் தகவமைப்பு" அழகான எதுகைதான், ஆனால் செய்தித்தாள்கள் "தகாத உறவு" என்று எழுதி எழுதி அந்தச் சொல்லின் வாடையை மாற்றிவிட்டன. "திரிபு" கொரோனா காலத்திலேயே வைரஸுக்குப் போய்விட்டது. "ஊறு" நல்ல பழஞ்சொல், ஆனால் நீரைப் பற்றிய கட்டுரையில் ஊற்றைத்தான் நினைவூட்டும்.

சரி, சொல் எதையெல்லாம் தாங்க வேண்டும்? ஆய்வுலகில் இதற்கு ஓர் உருவம் கொடுத்தது பார்னெட், ஓநீல் இருவரும் 2010இல் எழுதிய சிறு கட்டுரை. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம். நெடும் வறட்சியில் பயந்துபோன விக்டோரியா மாநில அரசு, வோந்தகியில் ஆண்டுக்கு 150 பில்லியன் லிட்டர் தரக்கூடிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையையும், வடக்கிலிருந்து நீர் கொண்டுவரும் ஒரு குழாய்ப் பாதையையும் கையில் எடுத்தது. மின்சாரம் அதிகம் தின்னும் திட்டம், நீர்க்கட்டணம் ஏறினால் முதலில் அடிவாங்குவது ஏழை வீடு, சிக்கனமாக இருக்கும் பழக்கமும் தளர்ந்துவிடும், ஒருமுறை கட்டிவிட்டால் பல பத்தாண்டுகள் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆலை 2012 இறுதியில் தயாரானது. அதற்குள் மழை திரும்பிவிட்டது. 2016 வரை அரசு ஒரு சொட்டுகூடக் கேட்கவில்லை, மக்கள் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் நம் சென்னையின் வாயிலில் இருப்பதால் இந்தக் கேள்விகள் நமக்கும் தூரத்துக் கதை இல்லை.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையோரம். 1960களில் ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே மண்கரை எழுப்பி நிலத்தைத் துண்டு துண்டாக வளைத்தார்கள். போல்டர் என்பார்கள், டச்சுக்காரர்களின் சொல். உப்புநீர் உள்ளே வராது, நெல் விளையும். விளையவும் செய்தது. ஆனால் அதுவரை அலையேற்றத்தோடு வயலில் ஏறிப் படிந்துவந்த வண்டல் இப்போது ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆற்றின் தரை உயர்ந்தது, வளைத்த நிலம் வண்டல் இல்லாமல் அமிழ்ந்தது. 1980களில் குல்னா, ஜெசோர் பகுதிகளில் மழைநீர் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது. 1990இல் பீல் டகாதியா என்ற தாழ்நிலத்தில் மக்களே திரண்டு கரையை வெட்டினார்கள். ஆற்றை உள்ளே விட்டால் வண்டலும் வரும், நிலம் உயரும் என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. பின்னாளில் அரசே அதை ஒரு முறையாக ஏற்றுக்கொண்டது. 2009 மே மாதம் அய்லா புயலில் 32ஆம் எண் போல்டரின் கரை உடைந்தபோது, உள்ளே நிலம் வெளிநிலத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடந்தது. காப்பதற்குக் கட்டிய கரை, நிலத்தைக் கிண்ணமாக்கி வைத்திருந்தது. தண்ணீர் அங்கிருந்து முழுதும் வெளியேற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆக, சொல்லுக்குள் இரண்டு வேண்டும். தகவமைப்பு என்று தொடங்கியதுதான் இது என்ற உறவு தெரிய வேண்டும். கேடு யார் தலையில், எப்போது விழுகிறது என்ற நியாயக் கேள்வியும் உள்ளே இருக்க வேண்டும். காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கையும் வரையறையில் இந்த ஏற்றத்தாழ்வைச் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் இது எண்ணாமல் விளைவது என்றும் சொல்கிறது.

என் பரிந்துரை: தகவுகேடு.

தகவமைப்பு என்ற சொல்லை நாம் பள்ளியில் ஒட்டகத்தோடும் கள்ளிச்செடியோடும் சேர்த்துப் படித்தோம். ஒட்டகம் யாரையும் கேட்டு முடிவெடுப்பதில்லை. அங்கே நியாயத்துக்கு வேலை இல்லை. மனிதர் செய்யும் தகவமைப்பில் உண்டு. தகவு என்ற சொல்லுக்குப் பொருத்தம் என்ற பொருளோடு நடுவுநிலை, நேர்மை என்ற பொருளும் பழந்தமிழில் இருக்கிறது. குறள் 114, நடுவுநிலைமை அதிகாரத்தில்: "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்." எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கட்பேறு என்று பொருள் கொள்கிறார். விட்டுச்செல்வது என்று எடுத்தாலும், பின்வரும் பிள்ளைகள் என்று எடுத்தாலும், ஒரு நீர்த்திட்டத்தை எதை வைத்து அளக்க வேண்டும் என்பது இதில் வந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தகவு என்ற பகுதியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

சீர்கேடு, முறைகேடு என்ற அச்சிலேயே அமைவதால் நாவுக்கும் புதிதாக இருக்காது. பெயரடையாக "தகவுகேடான வெள்ளத்தடுப்பு", வாக்கியத்தில் "கரை கட்டியது முப்பது ஆண்டில் தகவுகேடாக முடிந்தது", கேள்வியில் "இது தகவமைப்பா, தகவுகேடா?" மூன்றிலும் தடங்கல் இல்லை. வெறுமனே தோற்றதைத் "தோல்வியுற்ற தகவமைப்பு" என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

> முறைகேடு என்றால் ஊழல் வாடை அடிக்கிறது. பாவப்பட்ட விவசாயியை அப்படிச் சொல்லலாமா?

நியாயமான தயக்கம், நானும் இதைத்தான் அதிகம் யோசித்தேன். இந்தச் சொல் ஆளைக் குறிக்காது, விளைவைக் குறிக்கும் என்பதை வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். அப்புறம், களத்தில் கேட்கும் வினாநிரலில் இதை நுழைக்கவே கூடாது. "நீங்க போர் போட்ட பிறகு பக்கத்துக் கிணறுகள்ல தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் விவசாயியே சொல்வார். கலைச்சொல் ஆய்வாளர் எழுதும் பக்கத்துக்கு மட்டும்.

இலக்கணம் தெரிந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள். முறைகேடு போல இயல்பாகத் தகவுகேடு என்றே விடலாமா, மானக்கேடு போல ஒற்று மிகுந்து தகவுக்கேடு என்று வர வேண்டுமா? எனக்கு முன்னது பிடித்திருக்கிறது, ஆனால் விதி வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச்சொல்லோடு போல்டர் எடுத்துக்காட்டை ஒரு வாக்கியமாக எழுதி அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.