மாநகராட்சிக்குள் வந்த கோட்டையூர்: நம் தெருக்களின் தாள்களைத் திரட்டுவது குறித்து

அன்புள்ள ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

1928-இல் நகராட்சியான காரைக்குடி, 2024-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது, கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், கோவிலூர், இலுப்பைக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் அதனோடு சேர்க்கப்பட்டன. அந்தச் செய்தி வந்ததிலிருந்து வீட்டு வரி கூடுமா, பூர்வீக வீட்டுக்குப் பெயர் மாற்றுவது எளிதாகுமா, மனை விலை ஏறுமா என்றே நம் ஊர்க்காரர் குழுவில் பேசி வருகிறோம். அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். அவற்றோடு இன்னொன்றையும் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். இதுவரை தனி ஊராக எண்ணப்பட்ட கோட்டையூர் இனி ஒரு மாநகரின் புறநகர்ப் பகுதி. ஊர் எல்லையும் வார்டு எண்களும் மாறும் இந்த வேளையில், நம் தெருக்களில் மக்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பின்னால் ஒருவர் எழுத முனைந்தால், அதற்கான ஆதாரங்களில் பெரும்பகுதி நம் வீட்டு மரப்பெட்டிகளில்தான் கிடக்கிறது. அதைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையதே.

காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் இடைப்பட்ட வெளி நிரம்பத் தொடங்கிய கதையை 1947-இலிருந்து சொல்வதே பொருத்தம். நம் ஊரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் அந்த ஆண்டு காரைக்குடியில், காந்தி மாளிகையில், தம் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைய வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அழகப்பர் 1957-இல் மறைந்தார். அவர் தொடங்கிய கல்வி நிலையங்களின் அடிப்படையில் 1985-இல் பல்கலைக்கழகம் உருவானது. இவை நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள். அந்த நிலையங்களில் வேலைக்கு வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், யாரிடம் கடன் சொல்லி மளிகை வாங்கினார்கள், எந்தக் கோவில் திருவிழாவில் முதன்முதலாக ஊராரோடு ஒருவராக நின்றார்கள் என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை.

எழுதப்படாமல் போனதில் எனக்கு வருத்தம் அதிகம். ஏனென்றால், தாள்களைச் சேர்த்து வைப்பதில் நம் ஊருக்கு நிகரான ஊர் அரிது. இங்கே 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் படம்பிடித்த துண்டுப் படச்சுருள்களை நாடு நாடாகத் தேடிச் சென்று திரட்டி, 1940-இல் முழு ஆவணப்படமாக்கினார். பின்னாளில் தம் குமரிமலர் இதழில் மறந்துபோன பழைய கட்டுரைகளை மீண்டும் அச்சேற்றினார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் கோட்டையூர் வீட்டை நூல்களாலும் இதழ்களாலும் நிரப்பினார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அத்தொகுப்பில் நான் பெரிதும் மதிப்பது திருமண அழைப்பிதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், கடிதங்கள் ஆகியவற்றை அவர் நூல்களுக்குச் சமமாக எண்ணிப் பாதுகாத்ததைத்தான். மற்றவர்கள் குப்பையென்று ஒதுக்கியதில் ஊரின் வாழ்க்கை இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

இப்போது நடப்பதை நீங்கள் அறிவீர்கள். பங்காளிகள் பல கண்டங்களில் சிதறியிருக்கிறார்கள். நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வளவு வீட்டில் ஆளுக்கோர் அறை பூட்டிக் கிடக்கிறது. ஓடு உடைந்து ஒழுகினாலும் எல்லாரும் கூடி முடிவெடுக்க ஆண்டுகள் ஆகின்றன. கடைசியில் வீடு பிரிக்கப்படும்போது தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அவற்றுக்கு விலை உண்டு. வாங்குபவர் பத்திரமாகவும் வைத்துக்கொள்வார். பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் எடைக்குப் போகின்றன.

அந்தக் கட்டுகளில் என்னென்ன இருக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இளையவர்கள் பலர் அவற்றைப் பிரித்துப் பார்த்ததில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழிலும் வாணிகமும் செய்யப் போனவர்களோடு செய்துகொண்ட சம்பளச் சீட்டு இருக்கலாம். மூன்றாண்டுக் கணக்கில் கடையை நடத்தும் மேலாளாகவோ அவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகவோ போனவருக்கு என்ன சம்பளம் பேசினார்கள், ஊரிலிருந்த வீட்டாருக்கு அதில் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள் என்பதை அதில் காணலாம். கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பன்னிரண்டு வயதில் கப்பலேறிய ஒருவர், தொழில் நடத்தித் தங்கிய கிட்டங்கியிலிருந்து ஆத்தாளுக்கு எழுதிய கடிதம் இருக்கலாம். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களின் குறிப்புகள் இருக்கலாம். பர்மாவில் 1948-இல் வந்த நிலச் சட்டத்தையும் 1960-களில் நடந்த நாட்டுடைமையையும் அடுத்து, அங்கிருந்த சொத்துக்காக ஆண்டுக்கணக்கில் எழுதிய மனுக்களின் படிகளும் இருக்கலாம். வீட்டுச் செலவுப் பேரேட்டிலோ கொத்தனார் கூலி, ஆசாரி கூலி, பால் கணக்கு, மாட்டுத் தீவனம், குடும்பக் கணக்கில் கோவிலுக்குச் செலுத்திய புள்ளி வரி எல்லாம் நாள்வாரியாக எழுதப்பட்டிருக்கும். ஒரு தெருவில் பணம் எப்படி வந்தது, எந்தெந்த வீட்டு அடுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

ஆச்சிமார் வைத்திருந்த தாள்களைத் தனியே சொல்ல வேண்டும். இசைகுடிமானம் எனப்படும் திருமண ஒப்பந்த ஏடு, மொய்ப்பண ஏடு, சீர்ச் சாமான்களைப் பரப்பியபோது எழுதிய பட்டியல் ஆகியவற்றைப் பெண்களே பொறுப்பாகப் பூட்டி வைத்திருந்தார்கள். எனாமல் சட்டி எத்தனை, வெண்கலப் பானை எத்தனை என்று நீளும் பட்டியலைப் படிக்கும்போது, கடலுக்கு அப்பால் ஈட்டிய செல்வம் எத்தனை பாத்திரங்களாக வீட்டுக்குள் வந்தது என்பது மட்டும் தெரிவதில்லை. ஆண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்துபோன வீட்டை, பங்காளிச் சிக்கலும் கோவில் முறையும் விருந்தும் தவறாமல் நடத்தியவர்கள் யார் என்பதும் தெரியவரும். அவர்களை ஊர் வரலாற்றில் சமையற்கட்டோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை.

எங்கள் குடும்பம், கடல் கடந்து தொழில் செய்து பெரிய வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்) குடும்பமன்று. அப்பா ஆய்வகத்தின் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் கோட்டையூரில் வாடகைக்குக் குடியிருந்து, பிறகு ஸ்ரீராம் நகர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினோம். எங்களைப் போல் ஆசிரியர், எழுத்தர், ரயில்வே ஊழியர், கடைக்காரர் எனப் பலர் திருச்சி சாலையை ஒட்டிக் குடியேறினார்கள். ஊருக்கு வெளியே என்று சொல்லப்பட்ட இடங்கள் அவ்வாறுதான் புறநகராயின. எங்களிடம் தேக்குப் பெட்டி இல்லை. ஆனால் வாடகைச் சீட்டும், மனைப் பத்திரமும், குடும்ப அட்டையும், பள்ளி ஆண்டு விழாப் படமும் இருக்கின்றன. பெரிய வீடுகளின் முகப்பிலேயே தங்கி, இரண்டு மூன்று தலைமுறையாகக் காவல் காக்கும் குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. பூட்டிய வீட்டை நாள்தோறும் கூட்டி விளக்கேற்றும் அவர்களைத்தான் அந்தத் தெருவின் உண்மையான குடியிருப்பாளர்கள் என்று நான் கருதுகிறேன். கணக்குப்பிள்ளை, தச்சு ஆசாரி, வண்டியோட்டி, சலவைத் தொழிலாளி ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாள்களும் நினைவுகளும் சேராவிட்டால், நாம் எழுதுவது சில குடும்பங்களின் வரலாறாகவே நின்றுவிடும்.

தாளில் இல்லாததைப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். பர்மா நடைப்பயணத்தைத் தம் நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் அநேகமாக இல்லை. கல்லூரி வந்த காலத்தைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களிடம் பொதுவாக அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டால் நல்ல காலம் என்ற ஒரே விடைதான் வரும். ஊருணியைப் பற்றிக் கேளுங்கள். கூரையில் விழும் மழை வளவிலும் தெருவிலும் ஓடி எந்த வழியாக ஊருணிக்குப் போனது, குடிநீர் ஊருணியில் கால் நனைக்காமல் பார்த்துக்கொண்டவர் யார், வரத்துக்கால் எந்த ஆண்டில் எந்தக் கட்டடத்தால் அடைபட்டது என்று கேளுங்கள். எந்தப் படித்துறையில் யார் குடம் வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததா, அது எப்போது, யாரால் மாறியது என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்கவும் சொல்லவும் தயக்கமாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுதும் ஊர் வரலாற்றில் என் பெயர் இருப்பதை நான் விரும்பமாட்டேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலத் தாள்களை யாரும் அஞ்சலில் அனுப்ப வேண்டாம். வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுத்தாலே போதும். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் படமெடுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேரேடு என்றால் நடுவில் சில பக்கங்களை மட்டும் எடுக்காமல் அட்டையிலிருந்து தொடங்குங்கள். நிழற்படங்களில் இருப்பவர்களின் பெயரையும் உறவையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு உடனே எழுதிவிடுங்கள். கோப்புகளுக்குக் குடும்பப் பெயரை வைக்காமல், தெருப் பெயரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் வையுங்கள். ஒரே தெருவைப் பற்றிப் பலர் அனுப்புவதை அப்போதுதான் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். கடன், பாகப்பிரிவினை, வழக்கு ஆகியவை தொடர்பான தாள்களை, சம்பந்தப்பட்ட குடும்பங்களைக் கேட்காமல் குழுவில் பகிர வேண்டாம். அவற்றைத் தனியே காத்து வைப்போம்.

பிள்ளையார் நோன்புக்கும் பொங்கலுக்கும் பலர் ஊருக்குச் செல்வீர்கள். அந்தப் பயணத்தில் ஒரு முற்பகலை இதற்கென ஒதுக்க முடிந்தவர்கள், எந்தத் தெருவை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை இந்த மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். ஒரே வீட்டுக்கு இருவர் போய் நிற்காமல் இருக்க நான் பட்டியல் வைத்துக்கொள்கிறேன். ஸ்ரீராம் நகரை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்புடன்,
கோட்டையூரிலிருந்து கோலாலம்பூர் வந்து வாழும் உங்கள் சகோதரி