பேச்சுத் தேர்வில் எனக்கு நடந்தது இது. உங்களுக்கு என்ன நடந்தது?

நாற்பது பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் பேச்சுத் தேர்வுக்குப் போனவன் நான். 9-க்கு 5.5 வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, எழுத்தில் 7. பேச்சில் மட்டும் இந்த அடி. எனக்கு வேண்டியிருந்தது ஒவ்வொன்றிலும் 6.5.

பயிற்சி வகுப்பில் ஒரு கட்டுத் தாள் கொடுத்திருந்தார்கள். கியூ கார்டில், அதாவது பேச வேண்டிய தலைப்பை எழுதித் தரும் அட்டையில், வரக்கூடிய தலைப்புகளும், ஒவ்வொன்றுக்கும் முக்கால் பக்கப் பதிலும் அதில் இருந்தன. ‘நீங்கள் மதிக்கும் முதியவர்’ என்ற தலைப்பின் கீழே ஒரு தாத்தா இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், தோட்டம் போடுபவர், சோர்வு என்றால் என்னவென்றே அறியாதவர். என் சொந்தத் தாத்தாவை நான் பார்த்ததுகூட இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

தேர்வில் என் கைக்கு வந்த அட்டை, உங்களுக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னது. தாத்தாவைக் கொஞ்சம் வளைத்தால் பொருந்திவிடுவார் என்று தோன்றியது. யோசிக்க ஒரு நிமிடமும், குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் தருவார்கள். நான் பென்சிலைத் தொடவே இல்லை. எல்லாம்தான் நெஞ்சில் இருக்கிறதே!

அரை நிமிடம் அருவியாகக் கொட்டியது. பிறகு ‘இன்டிஃபாட்டிகபிள்’ (சோர்வறியாத) என்ற சொல் வர வேண்டிய இடம் வந்தது. சொல் வரவில்லை. அது வராததால் அதற்கு அடுத்த வாக்கியமும் வரவில்லை. மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும்போது நடுவில் ஓர் அடி மறந்தால் மறுபடி முதலடியிலிருந்து தொடங்குவோமே, அதைப் போல என் வாய் தானாகவே முதல் வாக்கியத்துக்குத் திரும்பிவிட்டது. அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கம். அதுவரை குனிந்திருந்த தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். நான் பேசி முடித்ததும் ஒரே ஒரு சிறு கேள்வி கேட்டார்: அவரிடம் இன்னும் ஏதாவது கற்றுக்கொள்கிறீர்களா?

தாத்தா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை. நான் ஆமாம் என்றேன், உடனே இல்லை என்றேன்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதையே அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு. நான்குக்கும் ஒரே எடை. நானோ சொல்வளம் ஒன்றுக்காக மற்ற மூன்றையும் அடகு வைத்திருந்தேன்.

இரண்டாம் முறைக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். தாள்கட்டைப் பரணில் போட்டேன். தினமும் ஒரு தலைப்பு, ஒரு நிமிட யோசனை, இரண்டு நிமிடப் பேச்சு, போனில் பதிவு. இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பலன் தந்தது அதற்கு அடுத்த வேலை: பதிவைக் கேட்டு, பேசியதை ஒரு சொல் விடாமல், ‘ஆ...’, ‘ம்...’ உட்பட எழுதுவது. இரண்டு நிமிடப் பேச்சை எழுத அரை மணி நேரம் ஆகும். முதல் நாள் எழுதிய தாளில் ‘ஆக்சுவலி’ 14 இடங்களில் இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. போன வருடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கி, நான்காவது வாக்கியத்தில் நிகழ்காலத்துக்குத் தாவிவிடுகிறேன். பேசும்போது காதில் விழாத பிழை, காகிதத்தில் பல்லை இளித்தது. தாளில் சிவப்பு மையால் திருத்திவிட்டு அதே தலைப்பை இன்னொரு முறை பேசுவேன். மூன்றாம் முறை பேசினால் மறுபடி ஒப்பித்தல் வாடை அடித்தது. அதனால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த தேர்வில் வழி தவறிப் போன ஓர் அனுபவத்தைக் கேட்டார்கள். இம்முறை பென்சிலை எடுத்து ஐந்து சொற்கள் எழுதினேன்: மழை, தவறான பஸ், செத்துப்போன போன், நாய், கடைசி நிறுத்தம். நாய் வரை வந்தபோது தேர்வாளர் நேரம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார். பேச்சில் 6.5. எழுத்தில் அரை குறைந்தது, நல்லவேளை அதற்குக் கீழே போகவில்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்குப் பதிலாக, நிறுத்துவதைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். என் தேர்வாளர் என்னை மூன்று இடங்களில் பாதி வாக்கியத்தில் வெட்டினார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்து, அடுத்த தேதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வந்தது 7.5. மொத்தப் பேச்சுத் தேர்வையும் 11 முதல் 14 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியது அவர்கள் கடமை. நாம் நீட்டினால் வெட்டத்தான் செய்வார்கள். முகத்தைப் பார்த்து மதிப்பெண் கணக்குப் போடாதீர்கள்.

* * *

நான் மாட்டிக்கொண்டது பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில், தேர்வாளர் பொதுவான விஷயங்களில் நம் கருத்தைக் கேட்கும் இடத்தில். அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டுமா, இலவசமாக விட வேண்டுமா என்று கேட்டார்கள். என் ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதைப் பற்றி வாழ்நாளில் ஒரு நொடிகூட யோசித்ததில்லை. ‘நல்ல கேள்வி’ என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். இரவுச் சாப்பாட்டின்போது கணவரோ மாமியாரோ ஒரு கேள்வி போட வேண்டும், தமிழில்தான். வயதானவர்கள் புதிய கருவிகளைக் கற்க வேண்டுமா, விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்ற மாதிரி. நான் ஒரு பக்கம் நின்று பேச வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். மாமியார் விடவே மாட்டார். ‘அப்படியானால் இதற்கு என்ன சொல்கிறாய்?’ என்று மடக்குவார். தேர்வறையில் உட்கார்ந்திருந்தவர் அவரைவிடச் சாதுவானவர். கருத்து கைவசம் இருந்தால் ஆங்கிலம் பின்னாலேயே வந்துவிடுகிறது. இதை மறுப்பவர்கள் இருப்பார்கள், தமிழில் யோசிக்கவே கூடாது என்பார்கள். யோசனையே இல்லாதவளுக்கு எந்த மொழியில் யோசிப்பது என்பதா பிரச்சினை?

* * *

மனிதர் முகத்துக்குப் பயந்து இயந்திரத்திடம் போனவன் நான். கணினியில் நடக்கும் இன்னோர் ஆங்கிலத் தேர்வான பி.டி.இ. எழுதினேன். தலையில் ஹெட்போன், எதிரே திரை, அப்போது மதிப்பெண் போட்டது மென்பொருள். பயம் போய்விடும் என்று நினைத்தேன். யாரும் சொல்லாத சங்கதி, அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள் என்பது. நான் வரைபடத்தைப் பார்த்து விளக்க வேண்டிய நேரத்தில், பக்கத்து இருக்கைக்காரர் வேறொரு பத்தியை மேடைப் பேச்சு போல முழங்கிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்து யோசிக்க 25 வினாடி, பேச 40 வினாடி. இடையில் மூன்று வினாடி மௌனமாக இருந்தால் மைக் அணைந்துவிடும். எனக்கு ஒரு படத்தில் அணைந்தே விட்டது. அதன் பிறகும் நான் அணைந்த மைக்கிடம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறைக்கு வீட்டில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பழகினேன். அது உதவியது.

* * *

முதலில் எழுதிய நண்பர் உச்சரிப்பைத் தொடாமல் போய்விட்டார். நம்மில் பலர் உச்சரிப்பு என்றால் வெள்ளைக்காரர் போல நாக்கைச் சுழற்றுவது என்று நினைக்கிறோம். தமிழ் வாடை அடித்தால் குறை இல்லை, புரியாமல் போனால்தான் குறை. நமக்கு எங்கே புரியாமல் போகிறது என்று பாருங்கள். தமிழில் ‘ப’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் p, b, f என்று மூன்று ஒலிகள். ‘பேன்’ என்று நான் சொன்னால் அது வாணலியா, தடையா, மின்விசிறியா என்று கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு யகரம் ஒட்டிக்கொண்டு ‘யெக்ஸாம்’ ஆகிவிடும். மெய்யில் முடிகிற சொல்லுக்கு வாலாக ஓர் உகரம் வேறு. இந்த மூன்றை மட்டும் ஒரு மாதம் பார்த்துக்கொண்டேன். சுருதி மாற்றம் எதற்கும் போகவில்லை.

* * *

முதல் பதிவு எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி. 5.5 வந்தபோது மறுமதிப்பீடு கேட்கவில்லையா? தேர்வு நடந்து ஆறு வாரத்துக்குள் கேட்கலாம், மதிப்பெண் கூடினால் கட்டிய பணம் திரும்ப வரும் என்கிறார்களே?

* * *

தம்பி, விண்ணப்பத்தைத் திறந்தும் பார்த்தேன். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொன்னவன் எந்த முகத்தோடு கேட்பது என்று மூடிவிட்டேன்.

ஊருக்குப் போனபோது இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். தாத்தா தோட்டம் போடுவார் என்று நான் சொன்னதைக் கேட்டுப் பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “துளசிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னாலும் நாளைக்கு என்பார் உன் தாத்தா.”