விரும்பாமல் உள்ளே வந்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு நொடி

சமூக வலைத்தளங்களுக்கு மனமில்லாமல் வந்த புதியவர்கள் தடுமாறிய நொடிகளில் உங்கள் மனதை விட்டுப் போகாதது எது? இந்தக் கேள்விக்கு ஐந்து பேர் எழுதிய பதில்கள் இவை.

கைநூல்:

தையல் குழு ஒன்றில் வந்த பதிவு. ப்ரொஃபைல் படம் இல்லை, நண்பர்கள் நான்கே பேர். மகள் வற்புறுத்தியதால்தான் கணக்கு தொடங்கியதாக அறிமுகத்தில் இருந்தது. "என் மெஷின் சரியாகத் தைக்கவில்லை, உதவுங்கள்" என்று ஒரே வரி, கூடவே மெஷினை முழுசாகக் காட்டும் மங்கலான படம். இரண்டு நாளில் மூன்று லைக். பதில் ஒன்றுகூட இல்லை. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று பலர் கிளம்பிவிடுவது இந்த இடத்தில்தான்.

அட்மின் அவரை விடவில்லை. துணியின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள், மெஷின் என்ன மாடல், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று கேட்டார். மறுபதிவு இப்படி வந்தது: "மேல் தையல் சுத்தம். அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. நேற்று மேல் நூலை மாற்றினேன், அதிலிருந்துதான்."

கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. துணியை அழுத்தும் பாதம் கீழே இருக்கும்போதே நூல் கோத்திருக்கிறார். பாதம் இறங்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூல் அவற்றுக்கு நடுவே உட்காராமல் மேலோடு போய்விடும். மேல் நூலை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் உபரி நூல் அடியில் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் தீர்ந்தது. அடியில் சிக்கு விழுந்தால் எல்லோரும் அடி நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் நோண்டுவார்கள். கோளாறு மேலே இருக்கும்.

குழு அதேதான், ஆட்களும் அதே ஆட்கள். கேள்விதான் மாறியது. இணையக் குழுக்களில் நூறு பேரில் 90 பேர் வாசிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமுள்ள ஒருவர்தான் தொடர்ந்து எழுதுகிறவர் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். அந்த ஒருவர் ஃபோனை ஒரு கையில் வைத்து உருட்டிக்கொண்டே வருகிறார். பதிவுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் ஃபீடில் ஒரு பதிவின் முதல் சில வரிகள்தான் தெரியும், மற்றது "மேலும் காண்க" என்பதற்குள் மறைந்துவிடும். அதனால் கோளாறு முதல் வரியிலேயே இருக்க வேண்டும். வணக்கமும் சுய அறிமுகமும் கடைசியில் வரட்டும்.

மாடிவிளக்கு:

கைநூல் சொல்வது குழு வரைக்கும் வந்து சேர்ந்தவர்களின் கதை. பாதிப் பேர் அதற்கு முன்பே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

கணக்கு திறந்த இரண்டாவது நிமிடத்தில் வரும் அந்தத் திரை எல்லோருக்கும் தெரியும். "நண்பர்களைக் கண்டுபிடிக்கத் தொடர்புகளை அனுமதிக்கவும்." கொட்டை எழுத்தில் ஒரு பெரிய பட்டன், அதன் கீழே வெளிறிய சின்ன எழுத்தில் "இப்போது வேண்டாம்". பெரியதைத்தான் விரல் தொடும். தொட்டவுடன் "உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்" என்று வரிசையாக முகங்கள்: பழைய மேலதிகாரி, காலி செய்த வீட்டின் உரிமையாளர், எப்போதோ குழாய் சரிசெய்ய வந்தவர். அமைதியாக ஒரு ஓரத்தில் இருந்து பார்க்கலாம் என்று வந்தவருக்கு நடுத்தெருவில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. மறுநாள் கணக்கு மூடப்படுகிறது.

தவறி அழுத்தியிருந்தால் இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. ஃபோன் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளுக்குப் போய் தொடர்புகளை நிறுத்த வேண்டும். இது ஃபோனில் உள்ள எண்கள் இனிமேல் தளத்துக்கு ஏறுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே ஏறிய பட்டியலைச் செயலிக்குள் இருக்கும் தொடர்புப் பதிவேற்றப் பகுதியில் தனியாக அழிக்க வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் "அணைத்துவிட்டேனே, ஏன் இன்னும் வருகிறது" என்று கேட்பார்கள். அடுத்தவர் ஃபோனில் நம் எண் இருந்தாலும் அவருக்கு நம்மைக் காட்டும். அதற்கு "என் எண்ணை வைத்து யார் என்னைத் தேடலாம்" என்ற அமைப்பை இறுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "குழுக்களில் என்னை யார் சேர்க்கலாம்" என்பதை "எல்லோரும்" என்பதிலிருந்து "என் தொடர்புகள்" என்று மாற்றினால் முன்பின் தெரியாத குழுக்களில் கண்விழிக்க வேண்டியதில்லை.

நிழற்குடை:

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் நாள்தோறும் நேரத்தைத் தின்பது ஃபீடு.

சமையல் கற்க வந்தவர் ஒரு விபத்து வீடியோவைப் பதறிப்போய்க் கடைசிவரை பார்க்கிறார். லைக் போடவில்லை, ஷேர் செய்யவில்லை. அடுத்து வரும் வீடியோக்களில் பாதி விபத்து. "நான் கேட்கவே இல்லையே" என்கிறார். கேட்டிருக்கிறார், கண்ணால். எவ்வளவு நேரம் நின்று பார்த்தோம் என்பதுதான் ஃபீடுக்குப் பெரிய சாட்சி. "இதையெல்லாம் ஏன் காட்டுகிறீர்கள்" என்று கோபமாகக் கமெண்ட் போட்டால் அதுவும் ஈடுபாட்டுக் கணக்கில்தான் சேரும். சட்டென்று தள்ளிவிட வேண்டும். நின்றுவிட்டால் மூன்று புள்ளியைத் தொட்டு "ஆர்வமில்லை".

இதைவிட நல்லது, தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் காட்டும் பக்கத்துக்கே போவது. எல்லாத் தளத்திலும் இருக்கிறது, கண்ணில் படுகிற இடத்தில் இருக்காது:

ஃபேஸ்புக்கில் "ஃபீட்ஸ்" என்று தனிப் பகுதி, 2022-இல் வந்தது. நண்பர்கள், குழுக்கள், பக்கங்கள் எழுதியவை நேர வரிசையில் வரும். 30 பேர் வரை "ஃபேவரிட்ஸ்" பட்டியலில் வைக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் "ஃபாலோயிங்" என்றும் "ஃபேவரிட்ஸ்" என்றும் இரண்டு பார்வை. ஃபேவரிட்ஸில் 50 கணக்குகள் வரை. பரிந்துரைப் பதிவுகளை 30 நாளுக்கு ஒத்திவைக்கலாம். 31-ஆம் நாள் மறுபடி வந்து நிற்கும், அப்போது திரும்பவும் செய்ய வேண்டும்.

எக்ஸில் (பழைய ட்விட்டர்) தனிப்பட்ட லிஸ்ட். ஒருவரை ஃபாலோ செய்யாமலே லிஸ்டில் சேர்க்கலாம், பிரைவேட்டாக வைத்தால் அவருக்கும் தெரியாது. தயங்கித் தயங்கி வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறில்லை. ஒரு துறைக்கு ஒரு லிஸ்ட், ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது பேர் போதும்.

யூடியூபில் பார்த்த வரலாற்றை நிறுத்திப் பழையதையும் அழித்துவிட்டால் முகப்பில் பரிந்துரையே வராது, 2023 முதல் அப்படித்தான். சப்ஸ்கிரிப்ஷன் பக்கமும் தேடல் பெட்டியும் மட்டும் மிஞ்சும்.

வரப்பு:

நிழற்குடை அண்ணா, யூடியூப் வரலாற்றை மொத்தமா அழிக்கச் சொல்றது எல்லாருக்கும் சரிப்படாது. ஒரு கைவேலை கத்துக்கிறவங்களுக்கு அந்தப் பரிந்துரைதான் அடுத்த பாடத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். வரலாற்றுப் பக்கத்துக்குப் போய் சம்பந்தமில்லாத வீடியோக்களை ஒவ்வொண்ணா நீக்குங்க. வேண்டாத சேனலுக்கு "இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே" போடுங்க. வீட்டுல மத்தவங்க அதே ஃபோன்ல பார்க்கிறதா இருந்தா அந்த நேரத்துக்கு மட்டும் வரலாற்றை நிறுத்தி வைங்க. முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயிருந்துதான் வருது.

எனக்கு உறுத்துற நொடி வேற. மூணு வருஷத்துக்கு முன்னால யாரோ கேட்ட கேள்வி, இப்ப தேடுறவரோட கோளாறும் அச்சு அசலா அதுவே. ஆசையா கீழே போறார். கேட்டவரோட கடைசி கமெண்ட்: "சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி." எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. கதவு வரைக்கும் வந்தவர் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்புற மாதிரி.

எழுதத் தயங்குறவங்க முதல்ல எழுத வேண்டியது இதைத்தான். கருத்துச் சொல்லச் சொல்லலை, சண்டைக்குப் போகச் சொல்லலை. "நீங்க சொன்னபடி செஞ்சேன், இந்த இடத்துல இப்படி ஆச்சு, இதை மாத்தினதும் சரியாச்சு" – மூணு வரி. ரெண்டு தடவை இப்படி எழுதினா குழுவுல பேரைத் தெரிஞ்சுக்குவாங்க, அடுத்த கேள்விக்குப் பதில் தானா வரும்.

ஈரமண்:

இதையெல்லாம் செய்கிறவர் முதலில் தன் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே, அதை யாரும் சொல்லவில்லை.

நல்ல பழக்கமான நண்பரின் பெயரிலிருந்து செய்தி: "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்க." அவர் பெயர், அவர் படம், பழைய உரையாடலும் மேலே அப்படியே இருக்கிறது. புதியவர் உதவும் மனதோடு அனுப்பிவிடுகிறார். அடுத்த நொடி வாட்ஸ்அப் அவர் ஃபோனிலிருந்து வெளியேறிவிடுகிறது. நண்பரின் கணக்கை ஏற்கெனவே யாரோ பிடித்திருக்கிறார்கள். இப்போது இவருடையதும் போயிற்று, இவருடைய நண்பர்களுக்கும் அதே செய்தி போகும்.

இப்படி ஆனால் செயலியைத் திறந்து அதே எண்ணை மறுபடி பதிவு செய்ய வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டவுடன் அந்தப் பக்கம் இருப்பவர் வெளியேற்றப்படுவார். அவர் இருபடிச் சரிபார்ப்பு (எஸ்எம்எஸ் எண்ணுக்கு மேல் ஒரு ரகசிய எண்ணும் கேட்கும் பூட்டு) வைத்துவிட்டிருந்தால் நமக்குத் தெரியாத அந்த ரகசிய எண்ணை, அதாவது பின்னைக் கேட்கும். அது இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த 7 நாளும் அவராலும் பயன்படுத்த முடியாது. பதறி எண்ணையே மாற்றிவிடுகிறார்கள், தேவையே இல்லை. உடனே நெருங்கியவர்களுக்கு நேரடியாக ஃபோன் செய்து "என் பெயரில் பணம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு, ஆறு இலக்க பின். கூடவே மின்னஞ்சலையும் கொடுத்து வைக்க வேண்டும், பின் மறந்தால் 7 நாள் காத்திருக்காமல் மீட்க அது உதவும். பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதீர்கள், ஃபேஸ்புக் போன்ற தளங்களின் ப்ரொஃபைலிலேயே அது இருக்கலாம்.

கைநூல்:

வரப்பு எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பழைய பதில்கள் கிடைக்காததற்குப் பெரிய காரணம் எழுத்துக்கூட்டல். ஒரே கோளாற்றை ஒருவர் "பாபின்" என்பார், இன்னொருவர் "பாப்பின்", வேறொருவர் "அடி நூல்". பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். குழுவின் பக்கத்துக்குள் இருக்கும் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும். செயலியின் மேலே இருக்கும் தேடல் ஊரையே தேடும், குழுவை அல்ல.

முதலில் சொன்ன அந்த அம்மாவின் பதிவு இப்போதும் அங்கே இருக்கிறது. முதல் வரியைத் திருத்தியிருக்கிறார்: "தீர்ந்தது – பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோக்கவும். பாபின், பாப்பின், அடி நூல் சிக்கு."