செம்பருத்தி சாகப் போகிறது, யாராவது சொல்லுங்கள்

புதுசா வந்தவன்: இன்று ராத்திரி 2 டிகிரியாம். என் செம்பருத்தி வெளியே நிற்கிறது. இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. பெட்ஷீட் போட்டு மூடினால் போதுமா? நான் கனடாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ப்ளீஸ், சீக்கிரம்.

பழைய பனி: செடி கிடக்கட்டும், உங்களிடம் பூட்ஸ் இருக்கிறதா? நான் ஸ்காபரோவில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம், காலில் செருப்பு. பஸ்ஸுக்கு நின்றே காது மரத்துப்போனது. ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. முதலில் பூட்ஸ் வாங்குங்கள்.

செவ்வரத்தை: தம்பி, உடனே உள்ளே எடுங்கோ. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போனாலே அதுக்குச் சரிவராது. ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சு, நாளாந்தம் தண்ணி விடுங்கோ.

மொட்டை மாடி: ஹீட்டர் பக்கத்திலா? அந்த வறண்ட காற்றில்தான் என் செடி முழுக்கச் சிலந்திப்பேன் வந்தது. தினமும் தண்ணீர் விட்டால் வேர் அழுகும். இப்போது பேஸ்மென்டில் வைக்கிறேன். இலையே இல்லாத குச்சியாக நின்று வசந்தத்தில் துளிர்க்கும்.

வாடகை வாசி: பேஸ்மென்டில் செடி வைக்கிறீர்கள், நாங்கள் குடியிருக்கிறோம். ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, வெயில்தான் வருவதில்லை.

பழைய பனி: ஊரில் வேலியோரம் கேட்பாரில்லாமல் பூத்தது. இங்கே காசு கொடுத்து வாங்கி, அதற்கு ஹீட்டரும் போட வேண்டியிருக்கிறது.

தோட்டக்காரி: அவர் எந்த ஊர் என்றே சொல்லவில்லை. தொட்டியா, தரையா? இலை பளபளவென்று கரும்பச்சையா? மங்கலான பெரிய இலை, தட்டு அகலப் பூ என்றால் அது குளிர் தாங்கும் வகை, வெளியிலேயே விடலாம். தண்டு காய்ந்தாலும் அடியிலிருந்து முளைக்கும்.

புதுசா வந்தவன்: மிசிசாகா. தொட்டிதான். இலை பளபளப்பு.

தோட்டக்காரி: அப்படியானால் பெட்ஷீட் போதாது, இப்போதே உள்ளே எடுங்கள். முதலில் இலையின் அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், பூச்சி அங்கேதான் இருக்கும். தெற்கு ஜன்னல், ஹீட்டருக்குத் தள்ளி. மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்; வசந்தம் வரை உரம் வேண்டாம். உள்ளே வந்ததும் இன்னும் இலை கொட்டும், பயப்படாதீர்கள். மே கடைசியில், உறைபனி பயம் போனபின் வெளியே வையுங்கள். முதல் வாரம் நிழலில்.

புதுசா வந்தவன்: எடுத்துவிட்டேன். பாத்டப்பில் கழுவுகிறேன். தொட்டிக்குள்ளிருந்து எறும்பு வரிசையாக வருகிறது, என்ன செய்வது?