புதுப்பிப்பு: நமத்துத் திரும்பும் முந்திரி பாக்கெட்

பண்ருட்டி மசாலா முந்திரி மூன்று முறை கடையிலிருந்து திரும்பிவிட்டது, தொழிலை விடலாமா என்ற கேள்விக்கு, விலையைக் குறைக்கச் சொல்லியிருந்தேன். அது தவறான பதில். கோளாறு பாக்கெட்டில்.

வறுத்ததைச் சூடாக மூடினால் உள்ளே வேர்த்து நமத்துவிடும். நன்றாக ஆறவிட்டு, ஆறியதும் தாமதிக்காமல் மூடுங்கள். கடலூர் கடற்காற்றில் திறந்து கிடந்தால் ஈரம் ஏறும். சாதாரண பாலித்தீன் காற்றை உள்ளே விடும், சிக்கு வாடை வரும். அலுமினியப் பூச்சுள்ள கவர்தான் சரி. ஒட்டும் விளிம்பில் மசாலாத்தூள் சிக்கினால் கசியும். தினமும் பத்துப் பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது.

பாக்கெட் சரியானதும் விற்பனைக்கு ஒரு வழி. இதே கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்ற வியாபாரி சாஷேயை, அதாவது ஒரு தடவைக்கான சிறு பாக்கெட்டை, நம்பினார். அது பெரிய வியாபாரமாவதை அவர் பார்க்கவில்லை. மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். எந்த ஷாம்பு ஆனாலும் காலி சாஷே ஐந்துக்கு ஒரு சிக் இலவசம். பிறகு காலி சிக் சாஷேக்கு மட்டும். அந்த இரண்டாம் படிதான் கடைக்காரரைச் சிக் வாங்கி வைக்கவைத்தது. உங்கள் அடுத்த சரக்குக்கு, பத்தே கடைகளில் இந்தக் காலி பாக்கெட் திட்டத்தைச் செய்து பாருங்கள்.